அம்மாவின் ருத்திராட்ச மாலை என்னிடம் இருக்கிறது: தீட்சை இல்லாமல் ‘நமசிவாய’ சொல்லலாமா?

லேத் பட்டறை, கோவை

எல்லோருக்கும் வணக்கம். அம்மா போய் நாலு மாதம் ஆகிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, வாசல் தெளித்துவிட்டு, திண்ணையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்து நமசிவாய சொல்லுவார். 108 முறை. அது முடிந்த பிறகுதான் காபி. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இது ஒருநாளும் தப்பியதில்லை.

அந்த மாலையை இப்போது நான் வைத்திருக்கிறேன். மணிகளின் முள்ளெல்லாம் மழுங்கி, எண்ணெய் ஊறிய மாதிரி கறுத்துக் கிடக்கிறது. மூன்று வாரமாக அதே திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறேன். இருபது மணி தாண்டுவதற்குள் முந்தின நாள் ரிஜெக்ட் ஆன ஷாஃப்ட் ஞாபகம் வந்துவிடுகிறது. எத்தனை சொன்னேன் என்பதே மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். காரியத்தன்று உறவினர் ஒருவர், தீட்சை, அதாவது குருவிடம் முறைப்படி மந்திர உபதேசம், வாங்காதவன் அந்த மாலையைத் தொட்டு ஜெபித்தால் பாவம் என்றார். அது நெஞ்சில் தைத்துக்கொண்டே இருக்கிறது. அர்த்தமும் எனக்குச் சரியாகத் தெரியாது. இப்படிச் சொல்வதில் பலன் ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிதம்பரத்தான்

முதலில் அந்தப் பாவக் கணக்கை விட்டுவிடுங்கள். தீட்சை என்பது ஒரு தனி நெறி. சமயம், விசேடம், நிருவாணம் என்று படிப்படியாக வருவது. குரு காட்டிக்கொடுத்து, அனுட்டானத்தோடு ஓதுகிற முறை அது. அதன் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை, உங்களுக்கு அமைந்தால் பெற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அது இல்லாதவன் வாய் திறக்கக் கூடாது என்று தேவாரம் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஆச்சாள்புரம் என்று ஊர், பழைய பெயர் நல்லூர்ப் பெருமணம். சம்பந்தர் தம் திருமணத்தன்று அங்கே பாடிய நமச்சிவாயப் பதிகத்தில் இந்த வரிகள் வருகின்றன:

“கொல்வா ரேனும் குணம்பல நன்மைகள் இல்லா ரேனும் இயம்புவ ராயிடின் எல்லாத் தீங்கையும் நீங்குவர் என்பரால்.”

கொலை செய்கிறவனுக்கே திறந்திருக்கிற கதவு, அம்மாவை நினைத்துச் சொல்கிற மகனுக்கு மூடியா இருக்கும்?

இரவுப்பணி செவிலி, மதுரை

அண்ணா, நான் உடம்புப் பக்கம் மட்டும் சொல்கிறேன். 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. 23 பேரை ஜெபமாலை பிரார்த்தனையும் ‘ஓம் மணி பத்மே ஓம்’ என்ற மந்திரமும் சொல்லவைத்துப் பார்த்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு நிதானமாகி, ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலும் கூர்மையானது. சின்ன ஆய்வுதான், நோய் தீரும் என்று அது சொல்லவில்லை. ஜெபம் ஆரம்பித்துவிட்டேன் என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு வார்டுக்கு வருகிறவர்களைப் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். மாத்திரையும் இருக்கட்டும், மந்திரமும் இருக்கட்டும்.

கொடுமுடி டீச்சர்

தம்பி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன்.

மனசு ஓடுகிறதே என்று வருத்தப்படுகிறீர்கள். எங்கள் ஊர்க் கோயிலில் சுந்தரர் பாடிய பதிகத்தில் ஒரு வரி: “நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே.” முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். அது எனக்கு விளங்கியது என் மாமியாரிடம்தான்.

கடைசி இரண்டு வருஷம் அவருக்கு நினைவு கலங்கிவிட்டது. பெற்ற மகனையே “யாரு சாமி நீங்க?” என்று கேட்பார். சாப்பிட்டதை மறந்துவிடுவார். என்னைத் தன் தங்கை என்று நினைத்துத் திட்டுவார். ஆனால் சாயங்காலம் விளக்கேற்றினால், யாரும் சொல்லாமலே உதடு அசையும். பக்கத்தில் போய்க் காது கொடுத்தால் நமசிவாய, நமசிவாய. கட்டை விரல் ஆள்காட்டி விரல் மேல் மணி தள்ளுகிற மாதிரி நகரும், கையில் மாலையே இருக்காது. அவர் மறந்துவிட்டார், அவருடைய நா மறக்கவில்லை. அன்றைக்குச் சமையலறையில் போய் நின்று அழுதேன்.

ஆகவே ஷாஃப்ட் ஞாபகம் வந்தால் வரட்டும். மனசு போன இடத்துக்குப் போகட்டும், நாவை நிறுத்தாதீர்கள். எண்ணிக்கை விட்டுப்போனால் முதலுக்குத் திரும்ப வேண்டாம், விரல் இருக்கிற மணியிலிருந்து தொடருங்கள். வாய்விட்டுச் சொல்வது, உதட்டளவில் முணுமுணுப்பது, மனசுக்குள் சொல்வது என்று மூன்று உண்டு. கடைசிதான் உயர்ந்தது என்பார்கள். அதற்காக எடுத்த எடுப்பில் அங்கே போகாதீர்கள். பட்டறைச் சத்தத்தில் பழகின காதுக்கு, முதலில் தன் குரலே கேட்டாக வேண்டும்.

அர்த்தம் கேட்டீர்கள். ‘சி’ சிவம், ‘வ’ அவன் அருள், ‘ய’ நம் உயிர், ‘ந’ மறைப்பு, அதாவது சிவம் தன்னைக் காட்டாமல் மறைத்து நிற்பது, ‘ம’ மலம், அதாவது உயிரைப் பிடித்திருக்கிற அறியாமை அழுக்கு. உமாபதி சிவம் என்ற சைவ ஆசாரியர் தம் திருவருட்பயன் என்ற நூலில் ஐந்தெழுத்துக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ‘சிவாயநம’ என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். உயிர் நட்டநடுவில் நிற்கும். ஒரு பக்கம் சிவமும் அருளும், மறுபக்கம் மறைப்பும் மலமும். எந்தப் பக்கம் முகம் திருப்புகிறோம் என்பதுதான் விஷயம். ‘நமசிவாய’வில் ந, ம முன்னால் நிற்கும். நாம் இருக்கிற நிலையிலிருந்தே தொடங்குவதால் உலகத்தில் உழல்கிறவர்களுக்கு அதுதான் பொருத்தம் என்பார்கள். உங்கள் அம்மா சொன்னதும் அதுதானே.

பலன் என்று எனக்குத் தெரிந்தது ஒன்று. ஆஸ்பத்திரி வரிசையில் மாமியாரைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். உள்ளே கோபம் பொங்கும்போது இந்த ஐந்தெழுத்துதான் முதலில் வாயில் வரும், கடுஞ்சொல் பின்தங்கிவிடும். இதைவிடப் பெரிதாக நான் எதுவும் கேட்டதில்லை.

லேத் பட்டறை, கோவை

டீச்சரம்மா, ரொம்ப நன்றி. இன்று காலை எண்ணிக்கை பார்க்காமல் சொன்னேன். எப்போது முடிந்தது என்றே தெரியவில்லை. சிதம்பரத்தாருக்கும் தங்கச்சிக்கும் நன்றி. மாத்திரையை விடவில்லை.

இன்னொரு சந்தேகம். மாலையைத் துடைக்கும்போது பார்த்தேன். எல்லா மணியும் மழுங்கியிருக்க, முடிச்சுக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் முள்ளெல்லாம் அப்படியே புதுசு போல இருக்கிறது. எண்ணினால் அதோடு சேர்த்து 109 வருகிறது. அம்மா இடையில் எப்போதாவது மாற்றிக் கோத்திருப்பாரோ?

கொடுமுடி டீச்சர்

இல்லை தம்பி. அது நாயக மணி, மேரு என்றும் சொல்வார்கள். அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை, தாண்டுவதும் இல்லை. அங்கே வந்ததும் மாலையைத் திருப்பிப் பிடித்து, வந்த வழியே போக வேண்டும். அம்மா அத்தனை வருஷமும் அதுவரை வந்து வந்து திரும்பியிருக்கிறார்.