வீட்டில் அசெம்பிள் செய்த பிசி: ரேம் ஒத்துப்போகாத இடங்கள், உங்கள் அனுபவம்? (ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் ஊர்)

செந்தூல்

ரேம் வாங்க லோ யாட் (கோலாலம்பூரின் கணினிக் கடைத் தொகுதி) கிளம்பும் முன் மதர்போர்டின் முழு மாடல் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் "பி760" என்று சிப்செட் பெயரை மட்டும் சொன்னால் தவறான ரேம் கைக்கு வரலாம். இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறை ப்ராசசர்களுக்கான எல்ஜிஏ1700 சாக்கெட் போர்டுகளில் டிடிஆர்4 ரேம் போடும் ரகமும் உண்டு, அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 போடும் ரகமும் உண்டு. சில மாடல்களில் பெயரின் கடைசியில் வரும் "டி4" ஒன்றுதான் வித்தியாசம். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் என்றால் டிடிஆர்4 மட்டும். ஏஎம்டியின் ஏஎம்5, இன்டெலின் எல்ஜிஏ1851 இரண்டிலும் டிடிஆர்5 மட்டும்.

இரண்டு வகை ரேமுக்கும் 288 பின்தான். ஆனால் நடு வெட்டு இடம் மாறியிருக்கும். ஸ்டிக் உட்காரவில்லை என்றால் அழுத்துவதை நிறுத்திவிட்டு வெட்டைப் பாருங்கள்.

பட்டர்வொர்த்

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு ஒன்று. "டிடிஆர்4 32ஜிபி, மலிவு விலை" என்று வருவதில் சர்வர் ரேம் கலந்திருக்கும். அது டெஸ்க்டாப் ஸ்லாட்டில் அழகாக உட்காரும், பிசி மட்டும் ஆன் ஆகாது. விற்பவரிடம் ஸ்டிக்கரின் படம் கேளுங்கள். "பிசி4-2400டி" மாதிரி ஒரு வரி இருக்கும். அதையடுத்த கோட்டுக்குப் பின் வரும் முதல் எழுத்து "ஆர்" என்றால் சர்வர், "யு" என்றால் டெஸ்க்டாப், "எஸ்" என்றால் லேப்டாப். படம் அனுப்ப மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

ஜெலுத்தோங்

அண்ணே, ஏஎம்5-இல் 16ஜிபி ஸ்டிக் இரண்டு, 6000 எம்டி/எஸ் வேகத்தில் ஓடுகிறது. அதே மாடல் இன்னொரு ஜோடி வாங்கிப் போட்டால் 64ஜிபி ஆகிவிடும்தானே?

பிரிக்ஃபீல்ட்ஸ்

64ஜிபி ஆகும் தம்பி, 6000 நிற்கும் என்று நம்பாதீர்கள். அதிகம் பேர் சிக்கிக்கொள்வது இதில்தான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

ரைசன் 7000 ப்ராசசருக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்கு போட்டால் 3600. ரைசன் 9000-இல் இரண்டுக்கு 5600, நான்குக்கு அதே 3600. பெட்டியில் அச்சடித்த 6000 என்பது எக்ஸ்போ ஓவர்கிளாக், அதாவது உறுதி தந்த வேகத்துக்கு மேல் ஓட்ட பயாஸில் ஆன் செய்யும் அமைப்பு. அந்தப் பெட்டியில் உள்ள இரண்டு ஸ்டிக்கைச் சேர்த்து வைத்துத்தான் அதைச் சோதித்திருப்பார்கள். இன்னொரு பெட்டியில் மாடல் எண் ஒன்றாகவே இருந்தாலும் உள்ளே சிப் வேறாக இருக்கலாம். ஒன்றில் ஹைனிக்ஸ், மற்றதில் சாம்சங் இருந்தால் டைமிங் ஒத்துவராமல் போகலாம். அப்போது பிசி ஆன் ஆகாமல் போர்டில் ரேம் பிழையைக் காட்டும் டிராம் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

சரியான வழி, பழைய ஜோடியை விற்றுவிட்டு 32ஜிபி இரண்டு கொண்ட ஒரே கிட் வாங்குவது. போர்டு நிறுவனம் தானே சோதித்த ரேம்களின் க்யூவிஎல் பட்டியலில் அந்தக் கிட்டின் முழுப் பார்ட் நம்பர் இருக்கிறதா, எத்தனை ஸ்டிக்கோடு சோதித்தார்கள் என்று பாருங்கள். ஏற்கனவே நான்கு வாங்கியாகிவிட்டது என்றால் எக்ஸ்போவை அணைத்து 3600-இல் ஆரம்பித்து, 4000, 4400 என்று படிப்படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் சோதித்த பிறகே அடுத்தது.

இரண்டு ஸ்டிக் என்றால் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். அதாவது ஏ2, பி2. முதல் முறை ஆன் செய்யும்போது ஏஎம்5 போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளும். திரை கறுப்பாகவே சில நிமிடங்கள் நிற்கும். பொறுக்காமல் சுவிட்சை அணைத்தால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

எக்ஸ்போ போடும் முன் பயாஸ் அப்டேட் கட்டாயம். 2023-இல் சில ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசசர்கள் கருகியபின், ப்ராசசருக்குள் போகும் எஸ்ஓசி வோல்ட்டேஜ் 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி ஏஎம்டி கட்டுப்படுத்தியது. பழைய பயாஸில் அந்தக் காப்பு இல்லை.

ஜெலுத்தோங்

நன்றி அண்ணே. ரேம் பதில் தர எடுக்கும் தாமதத்தைக் காட்டும் சிஎல் எண் இருக்கிறதே, சிஎல்30-க்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா, சிஎல்36 போதுமா?

பிரிக்ஃபீல்ட்ஸ்

சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுங்கள். 6000 சிஎல்30 என்றால் 10 நானோசெகண்ட், சிஎல்36 என்றால் 12. டிடிஆர்4 3200 சிஎல்16-உம் அதே 10தான். விலை வித்தியாசம் சின்னது என்றால் சிஎல்30 எடுங்கள். பெரியது என்றால் அந்தப் பணத்தை எஸ்எஸ்டியில் போடுங்கள்.

செந்தூல்

கூலரையும் பாருங்கள் தம்பி. நாக்டுவா என்ஹெச்-டி15 என்ற பெரிய ப்ராசசர் கூலரின் முன் ஃபேனுக்குக் கீழே 32 மி.மீ. இடம்தான். 44 மி.மீ. உயர ஆர்ஜிபி ரேம் போட்டால் ஃபேனை 12 மி.மீ. மேலே ஏற்ற வேண்டும். 165 மி.மீ. உயரக் கூலர் 177 ஆகி, பல கேஸ்களில் பக்கக் கதவு மூடாது.

பட்டர்வொர்த்

எல்லாம் பூட்டியதும் டாஸ்க் மேனேஜரில் வேகத்தைப் பாருங்கள். 4800 என்று காட்டினால் எக்ஸ்போ ஆன் ஆகவில்லை. சிபியு-இசட் என்ற செயலி 3000 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், அது பாதியைத்தான் காட்டும்.

பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவில் போட்டு நான்கு சுற்றும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் ஆகாது. ராத்திரி ஏர்கான் அறையில் தேறிய ரேம், நம் ஊர் மத்தியான வெக்கையில், பக்கத்தில் கிராஃபிக்ஸ் கார்டு அனல் கக்கும்போது பிழை காட்டுவது உண்டு. ஆகவே கேஸை மூடி, ஏர்கான் இல்லாமல், பகலில் ஒரு தரம் கேம் ஓடவிட்டுச் சோதியுங்கள். டிடிஆர்5 ஸ்டிக்கின் சூட்டை ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற செயலியில் பார்க்கலாம்.

இதையெல்லாம் கடையின் மாற்றித் தரும் கெடுவுக்குள் முடித்துவிடுங்கள். எத்தனை நாள் என்று பில் போடும்போதே கேட்டு அதிலேயே எழுதி வாங்குங்கள். ஒரு ஸ்டிக் மட்டும் கெட்டாலும் வாரண்டிக்குப் பெரும்பாலும் ஜோடியாகத்தான் கேட்பார்கள். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.