‘ரன்’னுக்கு நாற்பது அர்த்தம் மனப்பாடம் பண்ணணுமா?

கோத்தகிரி டீச்சர்:
பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் ‘ரன்’ என்ற ஒரே வினைச்சொல்லுக்கு நாற்பது அர்த்தம் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். ஒரு பெண்ணோட அப்பா வாசல்லயே சண்டைக்கு வந்துட்டார். “ரன்னுன்னா ஓடு. அதுக்கு எதுக்கு டீச்சர் நாலு பக்கம்?” ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் இந்த ஒரு வினைக்கு மட்டும் 645 பொருள் பிரித்திருக்கிறார்கள். நான் கொடுத்தது நாற்பதுதான். இதில் என்ன தப்பு?

குன்னூர் ரிட்டயர்டு:
தப்புதான் டீச்சர். முப்பது வருஷம் ரயில்வேல இருந்தவன் சொல்றேன். எங்களுக்கு ‘ரன்னிங் ஸ்டாஃப்’னு பேரு. டூட்டி முடிஞ்சு படுக்கிற இடம் ‘ரன்னிங் ரூம்’. அங்க எவனும் ஓடினதில்ல, குறட்டைதான். நம்ம மலை ரயில் கல்லாறுல இருந்து பல்சக்கரத்தைப் பிடிச்சுப் பிடிச்சு குன்னூருக்கு ஏறி வருதே, அதைப் பார்த்து யாராச்சும் ‘ஓடுது’ன்னு சொல்ல மனசு வருமா? ஆனா அதுவும் ரன்தான். வேர் ஒண்ணுதான்: விடாம நடந்துக்கிட்டே இருக்கறது. நாமளும் மோட்டார் ஓடுது, கடை ஓடுது, படம் நூறு நாள் ஓடுதுன்னு சொல்றோம்ல? இதை யாரு மனப்பாடம் பண்ணினா?

கோத்தகிரி டீச்சர்:
அப்படியா சார்? ஜலதோஷம் பிடிச்சா மூக்கு ஓடுதுன்னா சொல்றீங்க? ஒழுகுதுன்னுதானே? காய்ச்சல் ஓடுதா, அடிக்குதா? துவைச்சா சாயம் ஓடுதா, போகுதா? ஆங்கிலத்தில் மூணுக்கும் ரன்தான். இன்னொண்ணு. அமெரிக்காவில் தேர்தலில் வேட்பாளர் ‘ரன்’ பண்ணுவார். இங்கிலாந்தில் ‘ஸ்டாண்ட்’, அதாவது நிற்பார். நம்ம ஊரிலும் நிற்கிறார். உங்க வேரை வைத்து இதை ஒரு பிள்ளைக்கு விளக்குங்க பார்ப்போம்.

ஃபேக்டரி தம்பி:
எங்க தேயிலை ஃபேக்டரில கரன்ட் வந்தா ரன், போனா அவுட். நாற்பதுல இது எத்தனாவது டீச்சர்?

ஊட்டி காட்டேஜ்:
ரெண்டு பேர் சொல்றதும் எனக்கு ஒத்து வரல. நான் ஒம்பதாவதோட நின்னவன். காட்டேஜ்ல வேலைக்குச் சேர்ந்த புதுசு, டிசம்பர் மாசம், உறைபனி கொட்டுது. ராத்திரி பத்து மணிக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து “வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ஃபயர்வுட்”னாங்க. எனக்குத் தெரிஞ்ச ரன் அவுட் கிரிக்கெட்ல மட்டும்தான். யாரோ அவுட் போலன்னு நினைச்சு சிரிச்சுத் தலையாட்டிட்டு வந்துட்டேன். அரை மணி கழிச்சு, கம்பளியைப் போர்த்திக்கிட்டு, வெறும் விறகுக் கூடையைத் தூக்கிட்டு வந்து நின்னாங்க. அந்தக் கூடையை இன்னைக்கும் மறக்கல.

அப்புறம் நான் ரன்னைத் தனியா கேட்கிறதே இல்ல. கூட யார் வர்றாங்கன்னுதான் பார்ப்பேன். ‘அவுட் ஆஃப்’ வந்தா தீர்ந்து போச்சு. ‘ஓவர்’ வந்தா வண்டி ஏறிடுச்சு. ‘லோ’ வந்தா இன்னும் கொஞ்சம்தான் இருக்கு, இப்பவே விறகு கொண்டு போயிடு. ‘இன்டு’ மட்டும் ஏமாத்தும். நம்ம ஊட்டி சேரிங் கிராஸ்ல பழைய சிநேகிதனைப் பார்த்தாலும் அதுதான், கொண்டை ஊசி வளைவுல கார் போய் மரத்துல மோதினாலும் அதுதான்.

குன்னூர் ரிட்டயர்டு:
ஜோடி ஜோடியா எழுதி வெச்சா அதுவும் லிஸ்ட்தானே தம்பி? டீச்சர் கட்சிக்குப் போயிட்டியா? அவுட் ஆஃப்ல வேர் இல்லையா என்ன? தொட்டியில இருந்த தண்ணி ஓடி முடிஞ்சா தொட்டி காலி. அவ்வளவுதான்.

ஊட்டி காட்டேஜ்:
இப்ப சொல்றீங்க அண்ணே. ராத்திரி பத்து மணிக்கு அந்தத் தொட்டி யாருக்கு ஞாபகம் வரும்?

கூடலூர்வாசி:
அந்த 645-ஐ ரொம்பத் தூக்கிப் பிடிக்காதீங்க. 2011-ல் செய்தியான கணக்கு அது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் ஒன்பது மாதம் உட்கார்ந்து பிரித்தது. அதற்கு முன் 1989 பதிப்பில் ‘செட்’தான் பெரிய ஆள், 430 பொருள். அதற்காக இருபது வருஷத்தில் ஆங்கிலேயர் செட்டை விட்டுவிட்டு ரன்னைப் பிடித்துக்கொண்டார்களா? பிரிக்கிறவர் எவ்வளவு பொடியாக நறுக்குகிறார் என்பதுதான் அந்த எண். வெங்காயம் மாதிரி.

நம்ம ‘அடி’யை எடுங்க. வெயில் அடிக்குது, மணி அடிக்குது, பெயின்ட் அடிக்கிறான், அரட்டை அடிக்கிறான், பரீட்சையில் காப்பி அடிக்கிறான். ஒரு வெள்ளைக்காரருக்கு அடின்னா ‘ஹிட்’ என்று மட்டும் சொல்லிக்கொடுத்து வகுப்பில் விட்டுப் பாருங்க. காப்பிக்கு என்ன ஆச்சோன்னு பதறுவார். அவருக்கும் நாலு பக்கம் எழுதிக் கொடுப்பீங்களா டீச்சர்?

கோத்தகிரி டீச்சர்:
கொடுப்பேன் சார். உங்களுக்கு ‘அடி’ அம்மா மடியில் வந்தது. என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் பேசுவது படுகு மொழி. தமிழே பள்ளிக்கூடத்தில் கற்றது. ஆங்கிலம் மூன்றாவது. அவங்களுக்கு எந்த வெள்ளைக்கார அம்மா விறகுக் கூடை தூக்கிட்டு வரப்போறாங்க? பரீட்சைக்கு மூணு மாசம்தான் இருக்கு. அப்புறம், என் தேர்தல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

குன்னூர் ரிட்டயர்டு:
நிக்கிறவரு ஜெயிச்சப்புறம் நம்மளைப் பார்த்தா ஓடறாரே, அதான் டீச்சர்.

ஊட்டி காட்டேஜ்:
டீச்சர், லிஸ்ட் கொடுங்க, வேணாம்னு சொல்லல. சொல்லை மட்டும் எழுதாம ஒவ்வொண்ணுக்கும் முழு வாக்கியமா எழுதிக் கொடுங்க. அது போதும்.

கோத்தகிரி டீச்சர்:
நாற்பதைப் பதினைந்தாக்கி வாக்கியமாகவே எழுதிட்டேன். விறகு வாக்கியம்தான் முதல். மனப்பாடம் மட்டும் உண்டு.

குன்னூர் ரிட்டயர்டு:
பதினைஞ்சுல ரன்னிங் ரூம் இருக்கா?

கோத்தகிரி டீச்சர்:
இல்லை.