யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை, சித்தப்பா

*பெரிய வீட்டுக் குழு*

*சித்தப்பா:* (பலமுறை பகிரப்பட்டது) மேல்நாட்டுப் பெண்கள் ஓட்டுக்காகச் சிறைக்குப் போனார்கள், பட்டினி கிடந்தார்கள். நம் நாட்டில் கேட்காமலேயே கிடைத்தது! பெருமையாக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்புங்கள் 🇮🇳🇮🇳

*அண்ணி:* கேட்காமலேயா?

*பெரியத்தை:* தம்பி, இதை யார் எழுதியது?

*சித்தப்பா:* தெரியாது அக்கா. வாக்கிங் குரூப்பில் வந்தது. ஆனால் சரிதானே? 1950இல் அரசியல் சட்டம் வந்தது, எல்லோருக்கும் ஓட்டு. இங்கே எந்தப் பெண் கல்லெறிந்தாள்?

*பெரியத்தை:* கல்லெறிந்துவிட்டு வந்த ஒருத்தர் அடையாறில் உட்கார்ந்து வேலை செய்தார்.

*தம்பி:* யார் அத்தை?

*பெரியத்தை:* மார்கரெட் கசின்ஸ். அயர்லாந்துக்காரர், 1878இல் பிறந்தவர். 1908இல் ஹானா ஷீஹி ஸ்கெஃபிங்டனோடு சேர்ந்து அங்கே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கினார். 1910இல் லண்டனில் டௌனிங் தெருவில் ஜன்னலை உடைத்து ஹாலோவே சிறையில் ஒரு மாதம். 1913இல் டப்ளின் கோட்டை ஜன்னல், டல்லமோர் சிறை. அங்கே உண்ணாவிரதமும் உண்டு.

*தம்பி:* 😳 சரியான ஆள்தான்

*சித்தப்பா:* அதைத்தானே நானும் சொல்கிறேன்? உடைத்ததெல்லாம் அங்கே. இங்கே ஒன்றும் உடைக்கவில்லையே.

*பெரியத்தை:* உடைக்கவில்லை, உண்மைதான். கேட்டார்கள். கேட்காமல் கிடைத்தது என்பதுதான் பொய்.

*நான்:* அத்தை, அவர் இங்கே எப்படி வந்தார்?

*பெரியத்தை:* 1915இல் கணவர் ஜேம்ஸுக்கு அன்னி பெசன்ட்டின் நியூ இந்தியா பத்திரிகையில் வேலை. மறுவருடம் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஈஸ்டர் கிளர்ச்சி நடந்தது. ஜேம்ஸ் அதைப் பாராட்டி எழுதினார், வேலை போயிற்று 😄 அப்புறம் ஆந்திராவில் உள்ள மதனப்பள்ளி கல்லூரிக்குப் போனார்கள்.

*அப்பா:* சுயாட்சி கேட்ட பெசன்ட் அம்மையாரா வேலையை விட்டு எடுத்தார்?

*பெரியத்தை:* அவரேதான். அயர்லாந்து ஆயுதம் எடுத்ததை இங்கே ஒருவர் புகழ்ந்தால் பத்திரிகைக்கு என்ன ஆகும்? அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது.

*பெரியத்தை:* 1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. பெசன்ட் தலைவர். மார்கரெட்டும் டாரதி ஜினராஜதாசாவும்தான் ஓடியாடி வேலை பார்த்தவர்கள். ஸ்த்ரீ தர்மா என்று பத்திரிகையும் நடத்தினார்கள்.

*பாட்டி:* 🎤 குரல் பதிவு 0:31

*அண்ணி:* பாட்டி கேட்கிறார்கள், சிலிண்டர்காரர் வந்தாரா என்று.

*அப்பா:* வந்தாயிற்று அம்மா. வாங்கி வைத்துவிட்டோம்.

*நான்:* அத்தை நீங்கள் சொல்லுங்கள்

*பெரியத்தை:* அதே வருடம் பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு சீர்திருத்தம் பற்றிக் கருத்துக் கேட்க இங்கே வந்தார். பெண் கல்வி பற்றிப் பேச நேரம் வேண்டும் என்று மார்கரெட் விண்ணப்பித்தார். அரசியல் விஷயம் பேசுகிற குழுக்களை மட்டும்தான் பார்ப்போம் என்று பதில் வந்தது. வேறொருவராக இருந்தால் அங்கேயே விட்டிருப்பார். இவர் என்ன செய்தார் தெரியுமா? அரசியல்தானே வேண்டும், இதோ என்று பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்பதையும் மனுவில் சேர்த்துவிட்டார்.

*அண்ணி:* 👏👏 அவர்கள் போட்ட கதவிலேயே சாவியைக் கண்டுபிடித்துவிட்டார்

*பெரியத்தை:* 1917 டிசம்பர் 18, சென்னை. சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு மாண்டேகுவைப் பார்த்தது. மாண்டேகு நாட்குறிப்பில் மார்கரெட்டை லண்டனின் பிரபல வாக்குரிமைப் போராளி என்று எழுதி வைத்தார். அயர்லாந்துக்காரரை லண்டன்காரர் ஆக்கிவிட்டார் பாவம்.

*சித்தப்பா:* அப்போதே கொடுத்துவிட்டார்களா?

*பெரியத்தை:* எங்கே! வாக்குரிமையை ஆராய வந்த சவுத்பரோ குழு, இந்தியச் சமூக நிலைக்கு இது சரிப்படாது என்று கைவிரித்தது. 1919இல் மாதர் சங்கத்தைச் சேர்ந்த ஹீராபாய் டாட்டாவும் மகள் மித்தனும் லண்டனுக்கே கப்பலேறி நாடாளுமன்றக் குழு முன் வாதாடினார்கள். கடைசியில் லண்டன் நழுவியது. மாகாணச் சட்டசபைகளே முடிவு செய்துகொள்ளட்டும் என்று சொல்லிவிட்டது.

*பெரியத்தை:* 1921இல் சென்னை மாகாணச் சட்டசபை பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. பிரிட்டிஷ் மாகாணங்களில் முதலாவது. மன்னராட்சியில் இருந்த திருவிதாங்கூர் அதற்கு முன்பே, 1920இல்.

*சித்தப்பா:* பார்த்தீர்களா, நாம்தான் முதல்! 💪

*பெரியத்தை:* அவசரப்படாதே. சொத்தும் வரியும் இருந்தால்தான் ஓட்டு. அன்று எத்தனை பெண்கள் பேரில் நிலம் இருந்தது? நம் வீட்டில் ஒருத்தர் பேரிலும் இருந்திருக்காது.

*நான்:* அப்படியானால் கிடைத்தும் கிடைக்காத மாதிரிதான்

*பெரியத்தை:* அப்படியும் சொல்ல முடியாது. 1926இல் தேர்தலில் நிற்கவும் அனுமதி வந்தது. கமலாதேவி சட்டோபாத்யாயாவை நிற்கத் தூண்டியவர் மார்கரெட். கமலாதேவி மங்களூரில் நின்று மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். அப்புறம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராக உள்ளே போய், சட்டசபைத் துணைத்தலைவரும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தவர் அவர்தான். உள்ளே ஒரு பெண் உட்கார்ந்ததும் பேசப்படும் விஷயமே மாறியது.

*தம்பி:* அதன்பிறகு மார்கரெட் ஜெயிலுக்கே போகவில்லையா?

*பெரியத்தை:* போனார். 1932இல் அரசின் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக. வேலூர் சிறை. இந்த முறை கல் இல்லை, பேச்சு மட்டும்தான், தண்டனை மட்டும் ஒரு வருடம்!

*அண்ணி:* மூன்று ஊர் சிறை 🙏

*அப்பா:* ஜன கண மன மெட்டை இசைக்குறிப்பாக எழுதியவரும் இவர்தானே அக்கா? தாகூர் மதனப்பள்ளி வந்தபோது?

*பெரியத்தை:* ஆமாம், 1919. எல்லோருக்கும் அது மட்டும்தான் தெரியும். எனக்கு அது கொஞ்சம் எரிச்சல்.

*சித்தப்பா:* சரி அக்கா. ஆனால் 1950இல் எல்லோருக்கும் கிடைத்ததா இல்லையா?

*பெரியத்தை:* கிடைத்தது. 1951-52 தேர்தலில் சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து விடுபட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிவாகியிருந்தது. சொந்தப் பெயரைச் சொல்லவில்லை என்று தேர்தல் ஆணையம் நீக்கிவிட்டது. பெரும்பாலும் வட மாநிலங்களில்.

*நான்:* அப்போது மார்கரெட் இருந்தாரா?

*பெரியத்தை:* இருந்தார். பக்கவாதத்தில் படுத்திருந்தார். 1954இல் அடையாறில் காலமானார்.

*சித்தப்பா:* வாக்கிங் குரூப்பில் இதையெல்லாம் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள் அக்கா. நான்கு வரியில் எழுதித் தாருங்கள்.

*பெரியத்தை:* நீயே எழுது. முதலில் அந்தப் பத்துப் பேருக்கு அனுப்பியதை அழி.

*சித்தப்பா:* நாற்பது பேருக்கு அனுப்பிவிட்டேன் 😬