சினிமா உடுப்புக் கண்காட்சி பார்த்தவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஊசிநூல் (சாட்ஸ்வர்த்):

போன டிசம்பர் மகளைப் பார்க்க ஜெர்மனி போயிருந்தேன். “மோரிட்ஸ்பர்க் போறோம்மா, கிளம்பு”ன்னா. நம்ம தென்னாப்பிரிக்கா மாரிட்ஸ்பர்க்குக்குப் போகவா ரெண்டு ஃப்ளைட் மாறி வந்தேன்னு கேட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். டிரெஸ்டன் பக்கத்துல ஏரி நடுவுல நிக்கிற கோட்டையாம் அது. ராடெபாய்ல்ல இருந்து சின்னத் தண்டவாளத்துல நீராவி ரயில். நம்ம கரும்பு ரயில் ஞாபகம் வந்துடுச்சு, கண்ணுல கரி விழுந்தது உட்பட.

அந்த 1973 சிண்ட்ரெல்லா படம் தெரியும்தானே, மூணு ஹேசல்நட் படம். தேவதை கிடையாது, பூசணிக்காய் வண்டி கிடையாது, கொட்டைய உடைச்சா உடுப்பு வரும். அந்த உடுப்பு, சாமான் எல்லாம் குளிர்காலத்துக்கு மட்டும் அங்க காட்சிக்கு வைக்கிறாங்க. சிண்ட்ரெல்லா ஆடின மண்டபத்துலயே நிக்கிறோம்னு மகளுக்குத் தலைகால் புரியல. நான் இருபத்தாறு வருஷம் ஃபேக்டரி மெஷின்ல குந்தினவ. எல்லாரும் நிமிர்ந்து பார்க்கிறாங்க, நான் குனிஞ்சு கீழ்மடிப்பைப் பார்க்கிறேன்.

பக்கத்துல ஒரு அம்மா, என்னைவிட அஞ்சாறு வயசு குறைச்சல் இருக்கும். நான் தையல்காரின்னு மகள் ஜெர்மன்ல சொல்லவும் அந்தம்மா கைய நீட்டி ஜன்னல் திரையைக் காட்டினாங்க. எதுக்குன்னு புரியல. அப்புறம்தான் சொன்னாங்க: கிழக்கு ஜெர்மனியில சின்னப் பிள்ளையா இருந்தப்ப இந்தப் படம் பார்த்துட்டு அழுதாங்களாம், அவங்கம்மா வீட்டுத் திரைய வெட்டி கவுன் தைச்சுக் கொடுத்தாங்களாம். அடுத்து கேட்டாங்க: “உங்க ஊர்ல நீங்க சின்ன வயசுல இப்படி ராஜா ராணி உடுப்பெல்லாம் பார்த்திருக்கீங்களா?”

இல்லன்னுட்டேன்.

டர்பன் நகரத்துல மேகசின் பேரக்ஸ்னு கார்ப்பரேஷன் ஆளுங்க குடியிருப்பு, அங்க எங்கப்பா சிக்ஸ் ஃபுட் டான்ஸ்ல, அதான் நம்ம தெருக்கூத்துல, துரியோதனன் கட்டுவார். பகல்ல கார்ப்பரேஷன் வேலை. ராத்திரி அரிதாரம், புஜக்கட்டை, கண்ணாடிச் சில்லு பதிச்ச கிரீடம். கிரே ஸ்ட்ரீட் சேலைக்கடையில மிஞ்சின ஜரிகைய எங்கம்மா கேட்டு வாங்கி வந்து ஓரம் கட்டுவாங்க. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல அவர் சுத்தினா எங்க மூஞ்சியெல்லாம் பொட்டுப் பொட்டா வெளிச்சம் ஓடும். அதைப் பார்த்து வளர்ந்தவ நான். எந்த வாயால இல்லன்னேன்? ரயில் ஏறுற வரைக்கும் அந்தம்மாவைத் தேடினேன், காணோம்.

பழைய ரீல் (ஃபீனிக்ஸ்):

அக்கா, மனசு கஷ்டமாதான் இருக்கு. ஆனா ஒரு திருத்தம். நீங்க நின்ன இடத்துல யாரும் ஆடல. கோட்டையோட வெளிப்புறம்தான் மோரிட்ஸ்பர்க். நடன மண்டபம் பாபெல்ஸ்பெர்க் ஸ்டூடியோவுல போட்ட செட். மகள்கிட்ட சொல்லிடுங்க. படம் முதல்ல வெயில் காலத்துக்குன்னு எழுதினது, பிறகுதான் பனிக்காலமா மாத்தினாங்க. எடுக்கப் போன இடத்துல பனி போதாம மீன்தூளைக் கொட்டினாங்க. இளவரசன் குதிரையில வர்ற அழகான காட்சியெல்லாம் கருவாட்டு வாசனையில எடுத்தது! உடுப்பு வடிவமைச்ச தியோடோர் பிஷ்டெக் பின்னால ‘அமதேயுஸ்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கினவர்.

இவ்வளவு தெரிஞ்ச நான் போனது ஜூலை மாசம். குளிர்காலத்துக்கு மட்டும்னு யாரும் சொல்லல. (இணையத்துல போட்டிருக்கு, நான்தான் படிக்கல.) வெளிப்படிக்கட்டுல உலோகத்துல வார்த்த செருப்பு ஒண்ணு இருக்கு, அதுல காலை வச்சுப் பார்த்தேன். பெருவிரல்கூட நுழையல. பின்னாடி க்யூல நின்ன பொடிசுங்க சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கேட்குது.

லெனேசியா வாசி:

எனக்கு செருப்புதான் கதை. வாஷிங்டன்ல அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துல ‘விசர்ட் ஆஃப் ஆஸ்’ படத்தோட சிவப்புச் செருப்பு. 1939 படம். கதைப் புத்தகத்துல அது வெள்ளிச் செருப்பு, கலர் படத்துல எடுப்பா தெரியட்டும்னு சிவப்பாக்கிட்டாங்க. இருட்டு அறை. உள்ள போனா, இவ்வளவுதானா! எங்க ஆயா கல்யாணத்துக்குப் போட்டுப் போற செருப்பு இதைவிட மினுக்கும். உள்ளங்காலுல துணி ஒட்டியிருக்கும், ஆடுறப்ப சத்தம் வராம இருக்க. நான் அதைத் தேடிக் குனிஞ்சு நிக்கிறேன், என் பேத்தி சத்தமா, “தாத்தா, ரெண்டும் ஒரே ஜோடி இல்ல”ங்கிறா. சும்மா இருன்னு அதட்டிட்டேன். காவலாளி சிரிச்சுட்டு, பிள்ளை சொல்றதுதான் சரின்னான். அதே படத்துக்குச் செஞ்ச இன்னொரு ஜோடி மினசோட்டாவுல 2005ல களவு போச்சாம், 2018ல எஃப்பிஐ மீட்டு இங்க கொண்டுவந்து பக்கத்துல வச்சுப் பார்த்தப்பதான் ரெண்டு ஜோடியும் கலந்து கிடக்கிறது தெரிஞ்சதாம். அந்தக் களவுபோன ஜோடி 2024 டிசம்பர்ல 2.8 கோடி டாலருக்கு ஏலம் போச்சு, கமிஷன் தனி. பேத்திகிட்ட நான் இன்னும் மன்னிப்புக் கேட்கல. கேட்டா தலையில ஏறி உட்காருவா.

பழைய ரீல் அண்ணே, வெயில் காலத்துல போய்ட்டு கோட்டையைக் குத்தம் சொல்லாதீங்க.

பழைய ரீல் (ஃபீனிக்ஸ்):

நான் எங்கய்யா கோட்டையைக் குத்தம் சொன்னேன்?

மாரிட்ஸ்பர்க் அத்தை:

ஊசிநூல், நானும் லண்டன்ல ஒரு கண்காட்சியில ராணி உடுப்பு பார்த்தேன், கண்ணாடியில மூக்கு இடிச்சு அலாரம் அடிச்சது. என் கதை அவ்வளவுதான்.

இப்ப முக்கியமானதைக் கேள். அப்பாவோட கிரீடம் எங்க இருக்கு? கராஜ்லன்னா இன்னைக்கே எடு. டர்பன் புழுக்கத்துக்கு ஜரிகை கறுத்துடும், கண்ணாடிக்குப் பின்னாடி ரசம் உரிஞ்சுடும். அருங்காட்சியகத்துல இருட்டா வச்சிருக்கிறது காசு மிச்சம் பண்ண இல்லம்மா. துணிக்கு வெளிச்சம்தான் எமன். லக்ஸ்னு வெளிச்சத்தை அளப்பாங்க, 50 லக்ஸுக்கு மேல போகவிடமாட்டாங்க. நீயும் ஷோகேஸ்ல லைட் போட்டு வைக்காதே. அந்துருண்டைய ஜரிகைமேல படவிடாதே. நியூஸ்பேப்பர்ல சுத்தாதே, மஞ்சளாயிடும். அமிலம் இல்லாத டிஷ்யூத் தாள்னு கேட்டு வாங்கு, இல்லாட்டி நல்லா அலசின வெள்ளைப் பருத்தித் துணி போதும். மணி வச்ச கனமான உடுப்பைத் தொங்கப்போடாதே, தோள்பட்டை கிழியும், படுக்கவச்சு மடிப்புக்குள்ள துணிய உருட்டி வை. பூச்சி இருந்தா துணிய மட்டும் பிளாஸ்டிக்ல இறுக்கிக் கட்டி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம். மரமும் கண்ணாடியும் இருக்கிற கிரீடத்தை ஃப்ரீசர்ல வச்சுடாதே தாயே, பிசின் விட்டுப்போகும். தண்ணித் துணியால துடைக்கிறதும் கூடாது, மெல்லிசு பிரஷ் எடுத்து தூசிய மட்டும் தட்டு. முதல்ல நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கோ. டர்பன் டெர்பி ஸ்ட்ரீட்ல 1860 ஹெரிட்டேஜ் சென்டர்னு நம்ம இந்தியர் வரலாற்று அருங்காட்சியகம் இருக்கே, அங்க கொண்டுபோய்க் காட்டலாம். கொடுக்கணும்னு இல்ல, காட்டு.

லெனேசியா வாசி:

அத்தை, அவங்க கேட்டது இது இல்லயே.

மாரிட்ஸ்பர்க் அத்தை:

கேட்டாத்தான் சொல்லணுமா?

ஊசிநூல் (சாட்ஸ்வர்த்):

சொல்லட்டும் விடுங்க. கிரீடம் எங்கிட்ட இல்ல, தம்பி வீட்டுல இருக்கு. வீட்டுப் பத்திரத் தகராறுல இருந்து நாலு வருஷமா அவனோட பேச்சுவார்த்தை இல்ல. நேத்து அவன் மனைவிக்கு மட்டும் போன் போட்டேன். கிறிஸ்மஸ் லைட்டோட ஒரே பெட்டியில கிடக்காம், முன்பக்கக் கண்ணாடி நாலு மிச்சமாம். ஞாயித்துக்கிழமை அவன் சர்வீஸுக்குக் கார் கொண்டுபோற நேரத்துல வந்துட்டுப் போங்கன்னா.

அத்தை, அந்த அமிலம் இல்லாத தாள் சாட்ஸ்வர்த் பக்கம் எந்தக் கடையில கிடைக்கும்?