பிரெஞ்சு 'யோன்' ஓர் அசையா, இரண்டா? அவசரம்

கயல்: நாளைக் காலை வாய்மொழித் தேர்வு. 'நூ' (நாம்) வினைவடிவத்தின் கடைசியில் வரும் 'யோன்' ஓர் அசையா, இரண்டா? டீச்சர் பிரித்துக் காட்டியது ஒரு மாதிரி, செயலியில் கேட்பது வேறு மாதிரி. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மழைக்காகிதம்: எந்த வினை? எந்தக் காலம்?

புதுவைவாசி: அம்பார்ஃபேயாகத்தான் (ஓர் இறந்தகால வடிவம்) இருக்கும். 'எத்யூதியே' (படிப்பது) போன்ற வினைகளில் அங்கே இரண்டு 'ஐ' (i) எழுத்து வரும். எல்லோரும் தடுமாறும் இடம் அது.

இலக்கணன்: கேள்வியை முழுதாகக் கேட்கப் பழகுங்கள். வினைமாற்றப் பட்டியலை ஒழுங்காகப் படித்திருந்தால் இந்தச் சந்தேகமே வராது.

கயல்: மன்னிக்கவும். வினை 'வூலுவார்' (விரும்புவது). காலம் கோந்திஸ்யொனெல், அதாவது நிபந்தனை வடிவம். 'நூ வூத்ரியோன்'.

செவிவழி: அப்படியென்றால் முழுச் சொல்லும் மூன்று அசை: வூ-த்ரி-யோன். 'த்ர்யோன்' என்று ஒரே அசையாகச் சொல்லிப் பாருங்கள், நாக்கு சிக்கும். 'த்ர' போல இரண்டு மெய் சேர்ந்து அசையைத் தொடங்கினால் அடுத்து வரும் இகரம் முழு உயிராகவே நிற்கும். இதே வினைக்கு அம்பார்ஃபேயில் 'வூலியோன்'. அது இரண்டுதான்: வூ-ல்யோன். பின்பாதி லியோன் நகரத்தின் பெயர் போலவே ஒரே அசையில் வரும்.

மழைக்காகிதம்: 'பார்லியோன்' சொல்லிலும் ர், ல் என்று இரண்டு மெய் இருக்கிறதே? அது ஏன் இரண்டு அசை?

செவிவழி: நல்ல கேள்வி. அங்கே 'ர்' முந்தைய அசையோடு போய்விடும்: பார்-ல்யோன். 'ஊப்லியோன்' அப்படியில்லை, 'ப்ல' பிரியாது. அதனால் ஊ-ப்லி-யோன், மூன்று.

இலக்கணன்: 'அசை' என்று சொல்வதே தவறு. யாப்பில் 'பல' நிரையசை, அதாவது ஓர் அசை. பிரெஞ்சுக் கணக்கில் அது இரண்டு. சிலபிள் என்றே எழுதுங்கள்.

புதுவைவாசி: யாப்பு வேறு, ஒலியியல் வேறு ஐயா. மொழியியலில் அசை என்று எழுதுவது வழக்கம்தானே?

இலக்கணன்: ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் படிக்கிற பிள்ளைகள்தான் குழம்புவார்கள்.

புதுவைவாசி: இடம் பார்த்துப் பொருள் கொள்வது பிள்ளைகளுக்கும் தெரியும்.

செவிவழி: கயல், டீச்சர் காட்டியது வரிக் கடைசியில் சொல்லை உடைக்கும் முறையா? எழுத்தில் இரண்டு உயிருக்கு நடுவே உடைக்க மாட்டார்கள். அதனால் வூ-த்ரியோன் என்று இரண்டு துண்டுதான் வரும். உச்சரிப்பில் மூன்று.

கயல்: ஆமாம், கரும்பலகையில் கோடு போட்டுத்தான் காட்டினார். அதைச் சொல்ல விட்டுவிட்டேன். நாளைக்கு மூன்றாகவே சொல்கிறேன். ரொம்ப நன்றி.