ரயில் பாதை ஓரத்தில் நம் வீடுகள்

தேன்மொழி: எல்லோருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை எங்கள் ஹில்வியூ பக்கம் ரயில் காரிடார் பற்றி, அதுதான் சிங்கப்பூரில் முன்பு மலேசிய ரயில் ஓடி இப்போது நடைபாதையாக இருக்கும் பாதை பற்றி, குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்கிறார்கள், நான் போகிறேன். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர், அதில் நம் குடும்பமே ஆங்காங்கே இருக்கிறது. பெரியப்பா குவீன்ஸ்டவுன், அத்தை மாமா புக்கிட் பாஞ்சாங், குமார் மார்சிலிங். என் ஒருத்தி கருத்தாக இல்லாமல் எல்லோருடையதையும் எழுதிக்கொண்டு போகலாம் என்று பார்க்கிறேன். என்ன வேண்டும், என்ன வேண்டாம், இங்கேயே சொல்லுங்கள்.

மாமா: வழி நெடுக விளக்கு போடச் சொல். ராத்திரி சாப்பிட்டுவிட்டு நடக்கலாம். நாலு இடத்தில் காப்பிக் கடை வைத்தால் இன்னும் நல்லது.

அத்தை: காப்பி அப்புறம். முதலில் அந்தப் பாதைக்குப் போய்ச் சேரணுமே! எங்கள் புளோக் பக்கம் சிமெண்டு நடைபாதை முடிகிற இடத்துக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் கொஞ்சம் வெறும் மண். மழை பெய்தால் சேறு. யாரோ ஒரு பலகையைப் போட்டிருக்கிறார்கள், அதுவும் ஒரு பக்கம் உளுத்துவிட்டது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக், சக்கர நாற்காலியில் வருகிறவர், அந்த இடத்தோடு திரும்பிவிடுவார். ஒரு அலுவலகத்துக்கு எழுதினேன், எங்கள் எல்லையில் இல்லை என்றார்கள். இன்னொன்றுக்கு எழுதினேன், அவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

குமார்: அத்தை, 2014 தேசிய தினப் பேரணியில் பிரதமர் லீ சியன் லூங் பேசியது ஞாபகம் இருக்கிறதா? புக்கிட் கோம்பாக் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் உருண்டைக் குச்சி கிடந்த கதை. சரிவு நில ஆணையத்துடையது, நடுவில் இருந்த பூங்கா இணைப்புப் பாதை தேசியப் பூங்காக் கழகத்துடையது, சாலையோர நடைபாதை குடியிருப்புப் பேட்டையைப் பராமரிக்கிற நகர மன்றத்துடையது. ஒரு குச்சியை எடுக்க இத்தனை பேரா என்றுதான் நகராட்சிச் சேவை அலுவலகம் அமைத்தார்கள். புகார் கொடுக்கிற ஒன்சர்வீஸ் செயலி அதற்கு அப்புறம் வந்தது. பலகையைப் படம் எடுத்து அதில் போட்டுவிடுங்கள்.

அத்தை: போடத் தெரியாது. நீ ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டுக் கொடு.

பெரியப்பா: நான் ஒன்று சொல்கிறேன், தேன்மொழி இதைக் கட்டாயம் எழுதிக்கொள். 2011 ஜூன் 30 ராத்திரி தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் போனபோது நான் அங்கே கூட்டத்தில் நின்றேன். ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். இனி இந்த நிலத்தைத் துண்டு போட்டுக் கொண்டோமினியம் வீடுகள் கட்டிவிடுவார்கள் என்றுதான் அன்றைக்கு என்னைச் சுற்றி நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். இயற்கைச் சங்கத்துக்காரர்கள் அதற்கு முந்தின வருஷமே, 2010இல், முழுப் பாதையையும் பசுமையாக விடுங்கள் என்று திட்டம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அரசாங்கமும் அறுபடாமல் வைத்துக்கொள்ள ஒத்துக்கொண்டது. ஆளுக்கொரு துண்டாகப் பிரித்திருந்தால் பேட்டைக்கு ஒரு சின்னப் பூங்கா கிடைத்திருக்கும், இப்படி ஒரே மூச்சில் நடக்கிற பாதை கிடைத்திருக்காது. எனக்கு வேண்டியது கழிவறையும் உட்கார இடமும்தான். இந்த வயதில் அதைப் பார்த்துத்தான் எவ்வளவு தூரம் போவது என்று முடிவு செய்கிறேன்.

சுதா: இங்கே கலிபோர்னியா ஓக்லண்டில் காலை, இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். பெரியப்பா சொல்வதை இந்த ஊர்க்காரர்கள் 1934இலேயே யோசித்திருக்கிறார்கள். குன்றுகளில் தண்ணீர் நிறுவனத்துக்குத் தேவைப்படாத நீர்ப்பிடிப்பு நிலம் நிறைய மிஞ்சியது. ஓக்லண்ட், பெர்க்லி, இன்னும் சுற்றியுள்ள சின்ன ஊர்கள், எதுவும் தனியாக வாங்கிப் பராமரிக்க முடியாது. அது பெருமந்தக் காலம் வேறு, வேலையில்லாதவர்கள் அவ்வளவு பேர். அப்படியும் மக்கள் ஓட்டுப் போட்டு, சொத்து வரியில் கொஞ்சம் தருகிறோம், எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரே பூங்கா நிர்வாகம் வையுங்கள் என்றார்கள். ஈஸ்ட் பே வட்டாரப் பூங்கா மாவட்டம் அப்படித்தான் வந்தது. அதற்கென்றே 7 பேர் குழுவை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் நடக்கிற மலைப்பாதையில் எந்த ஊர் எங்கே முடிகிறது என்றே தெரியாது, புகார் என்றால் ஒரே இடம்.

தேன்மொழி: அருமை அக்கா. நம் ஊரில் தனித்தனி ஊராட்சிகள் கிடையாது, பாதையைப் பார்த்துக்கொள்ளத் தேசியப் பூங்காக் கழகம் இருக்கிறது, அந்த வகையில் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் அத்தையின் பலகை கிடப்பது பாதையின் நடுவில் இல்லை, ஓரத்தில். கழிவறையோ சாய்தளமோ, எல்லாம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நிலமும் பாதையும் தொடுகிற இடத்தில்தான் தேவைப்படுகிறது, அங்கேதான் ஒவ்வொரு நகர மன்றத்துக்கும் ஒரு எல்லை. அதனால் நான் கேட்கப்போவது இதுதான்: பாதையிலிருந்து பக்கத்துப் புளோக்குகளுக்குப் போகிற இணைப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே திட்டம், பொறுப்பு யாருடையது என்று பெயர் போட்டு. நகர மன்றங்களும் பூங்காக் கழகமும் வடிகால் பார்க்கிற பொதுப் பயனீட்டுக் கழகமும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுத வேண்டும்.

மாமா, விளக்கு விஷயத்தில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹில்வியூ பக்கம் பாதைக்கு அந்தப் பக்கம் புக்கிட் தீமா காடு. 1986இல் விரைவுச்சாலை போட்டு அந்தக் காட்டை நடு வனப்பகுதியிலிருந்து பிரித்தோம், பிறகு 2013இல் விலங்குகள் கடக்க மேலே ஒரு பாலம் கட்டிக் கொடுத்தோம். எறும்புத்தின்னி இரவில்தான் வெளியே வரும், அதற்கு வெளிச்சம் ஆகாது. காட்டோரத்தில் இருட்டு இருட்டாகவே இருக்கட்டும்.

மாமா: சரிம்மா, காட்டுப் பக்கம் வேண்டாம். நுழைகிற இடங்களில் மட்டும் போடச் சொல். படி தெரியாமல் விழுந்தால் யார் பார்ப்பது?

தேன்மொழி: அது நியாயம். நுழைவாயிலில் மட்டும், கீழ்நோக்கி விழுகிற விளக்கு என்று எழுதிக்கொள்கிறேன். காப்பிக் கடை?

பெரியப்பா: புக்கிட் தீமா பழைய ரயில் நிலையத்தில் ஏற்கெனவே கடை இருக்கிறது. 2022இல் திறந்ததிலிருந்து வார இறுதியில் அங்கே நல்ல கூட்டம். பாதை முழுக்க வேண்டாம், இரண்டு மூன்று இடம் போதும். கூடவே தண்ணீர்க் குழாய் வேண்டும்.

குமார்: எங்கள் மார்சிலிங் முனையையும் விட்டுவிடாதே. பேச்சு எப்போதும் புக்கிட் தீமாவோடு நின்றுவிடுகிறது. வடக்கே நிழல் குறைவு, பகல் பதினொரு மணிக்கு சைக்கிளில் போனால் உடம்பு வெந்துவிடும். மரம் வேண்டும், அவ்வளவுதான்.

தேன்மொழி: சரி, இப்படிச் செய்யலாம். நான் ஒரே கடிதமாக எழுதி இன்றிரவு இங்கே போடுகிறேன். பெரியப்பாவும் அத்தையும் குமாரும் அதையே உங்கள் நகர மன்றத்துக்கு உங்கள் பெயரில் அனுப்புங்கள். ஒரே கோரிக்கை பல பக்கத்திலிருந்து ஒரே வாரத்தில் போனால், எங்கள் எல்லை இல்லை என்று சொல்வது கஷ்டம். அத்தை, பலகையைக் கிட்டே போய் ஒரு படம், தள்ளி நின்று ஒரு படம். புளோக் எண் தெரியட்டும்.

அத்தை: நாளைக்குக் காலையில் எடுத்து அனுப்புகிறேன். மக்சிக்கும் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார், கடிதத்தில் அவருக்கும் இடம் விடு.