பள்ளி திறக்கும் வாரத்தில் தலைமையாசிரியர் எதை முதலில் கையில் எடுக்க வேண்டும்?

மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்:
கால அட்டவணையைத்தான். வகுப்புவாரியாகப் போட ஆரம்பித்தால் மூன்றாம் நாளே சிக்கல் வரும்: இருப்பது ஒரே ஆய்வகம், வாசலில் நிற்பது இரண்டு பிரிவு. பொதுவில் இருப்பதை முதலில் நிரப்புங்கள்: ஆய்வகம், மைதானம், கணினி அறை, பகுதிநேர ஆசிரியர்கள். அடுத்து, சேர்ந்தாற்போல் இரண்டு பாடவேளை தேவைப்படும் செய்முறை வகுப்புகள். அதன்பிறகுதான் கணக்கும் மொழிப்பாடமும். முடித்ததும், எந்தப் பிரிவுக்காவது கணக்கு தினமும் கடைசி வேளையில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் ஆண்டு முழுக்கக் களைத்த நேரத்தில்தான் கணக்குப் போடுவார்கள்.

உதவித் தலைமையாசிரியர்:
சார் சொன்னதோடு சப்ஸ்டிடியூஷன் பட்டியலையும், அதாவது விடுப்பில் இருப்பவர் வகுப்புக்கு யார் போவது என்ற பட்டியலையும், அன்றே போட்டுவிட வேண்டும். 12 பிரிவு, வாரம் 40 பாடவேளை என்றால் 480. ஆசிரியர்கள் 18 பேர், ஆளுக்கு 28 வரை என்றால் 504. கையிருப்பு வாரத்துக்கு 24, ஒரு நாளைக்கு ஐந்துகூடத் தேறாது. ஒரே ஒருவர் விடுப்பு எடுத்தாலே ஐந்தாறு வகுப்பு காலி! ஒவ்வொரு வேளைக்கும் முதலில் யார், அவர் இல்லையென்றால் யார் என்று பெயர் எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டுங்கள். காலையில் நின்றுகொண்டு ஆள் தேடினால், மறுக்கத் தெரியாத அதே இரண்டு பேர் தலையில்தான் விழும். ஆசிரியர் அறையில் மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் முளைக்கிறது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
முதல் கூட்டத்தில் சுற்றறிக்கை வாசிக்க வேண்டாம். முந்தைய நாளே கையில் கொடுத்துவிடலாம். 45 நிமிடத்தில் மூன்றே முடிவு போதும்: தாமதமாக வரும் பிள்ளையை என்ன செய்வது, நோட்டுத் திருத்தம் எத்தனை நாளுக்கு ஒருமுறை, பாட நேரத்தில் வெளியே போக அனுமதி எப்படி. இதில் ஆளுக்கொரு வழக்கம் இருந்தால் பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், கண்டிப்பான ஆசிரியர்தான் கெட்டவராவார். மீதி நேரத்தில் ஒரே வகுப்புக்குப் போகிறவர்கள் சேர்ந்து உட்காரட்டும்.

அடுத்தது, அறையை விட்டு வெளியே வாருங்கள். தினம் நான்கு வகுப்பு, ஒவ்வொன்றிலும் ஏழு நிமிடம். 18 பேரையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம். பின்வரிசையில் உட்காருங்கள், பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் புரட்டுங்கள். கையில் குறிப்பேடு வேண்டாம். அதைப் பார்த்த நொடியே அது ஆய்வாகிவிடும், பாடம் நடிப்பாகிவிடும். கண்ணில் பட்ட நல்லது ஒன்றை அன்று மாலைக்குள் அவரிடமே சொல்லுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு இந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிய பலம் என்பதை மறக்கவே கூடாது.

தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை:
வருகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. வராத பிள்ளையின் வீட்டுக்கு இரண்டாம் பாடவேளைக்குள் போன் போக வேண்டும். மாதம் 20 வேலை நாளில் இரண்டு நாள் வராவிட்டாலே 10 விழுக்காடு வருகை போய்விடும். "ஏன் அனுப்பவில்லை?" என்று கேட்டால் பெற்றோர் அடுத்த முறை போனை எடுக்க மாட்டார்கள். "பிள்ளையைக் காணோமே, உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று கேளுங்கள். பேசுவது வகுப்பாசிரியராக இருக்கட்டும். மூன்றாம் நாளும் வராவிட்டால் தலைமையாசிரியரே பேச வேண்டும்.